நெருக்கிப் பிடித்தால்

எழுமலை
24.01.2024

அன்புள்ள தம்பி சூரியபிரகாஷுக்கு,

அக்கா முனீஸ்வரி எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் சரண்யாதேவியும் சுகமா? பாப்பா பவதாரிணிக்குச் சளி விட்டதா? வெந்நீர் கொடுக்கச் சொல்.

பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து எத்தனையோ தடவை போன் செய்துவிட்டாய். நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். நீ கிளம்பிப் போன மறுநாளே கருப்பு கோயிலுக்குப் போய், சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். “எந் தம்பிகிட்ட இனி வாய் தொறந்து ஒத்த வார்த்தை பேசுனேன்னா எங் கெணறு வத்திப் போகட்டும்.” இதுதான் நான் சொன்னது. பேசினால் என்றுதான் சொன்னேனே தவிர எழுதினால் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதலாம்.

எதற்கு இந்தச் சத்தியம் என்று கேட்பாய். அது இருக்கட்டும். முதலில் எனக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டும். அன்று பண்ணை மனை போடுகிற கம்பெனி மேனேஜரைக் கூட்டிவந்து முன்னறையில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தாய். நான் அடுப்படியில் அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போது அவரிடம் இங்கிலீஷில், ‘இஃப் புஷ் கம்ஸ் டு ஷவ்’ என்று சொன்னாய். நானும் பி.காம். படித்தவள்தான். ஆனால் எங்கள் பாடத்தில் இது வந்ததாக ஞாபகம் இல்லை. நீ மதுரையில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவன். இதற்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது என்று விவரமாக எழுது.

நிலத்தைப் பற்றி அன்று சொன்னதே என் முடிவு. ரோட்டோரம் இருக்கிற என் பாதியைக் கொடுக்க மாட்டேன். உள்ளே மேற்கே இருக்கிற உன் பாதி உன் இஷ்டம். வரப்பில் இருக்கிற கிணறு ரெண்டு பேருக்கும் பொது. மல்லி நன்றாக மொட்டு விட்டிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா முனீஸ்வரி


விளாங்குடி
06.02.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி சூரியபிரகாஷின் வணக்கம். உனக்கும் மச்சானுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. மாடிக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது, பூச்சு வேலைதான் பாக்கி.

சூடம் அணைத்தாயாமே. இந்தக் காலத்திலும் இப்படியா? சிரிப்புத்தான் வந்தது. சரி, கோபம் தணிந்ததும் நீயே பேசுவாய் என்று எனக்குத் தெரியும்.

நீ கேட்டது நல்ல கேள்வி. என் வகுப்புப் பிள்ளைகள்கூட இப்படிக் கேட்பதில்லை. புஷ் என்றால் சாதாரணமாகத் தள்ளுவது. ஷவ் என்றால் இடித்து, முரட்டுத்தனமாகத் தள்ளுவது. பேச்சில் முடிய வேண்டிய ஒன்று முடியாமல் முற்றிப்போய், இனி கடுமையாகத்தான் நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டம் வந்தால் இப்படிச் சொல்வார்கள். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேச்சுவழக்கில் தோன்றியது என்கிறார்கள். ரக்பி என்ற விளையாட்டில் தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்களே, அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அதற்குச் சரியான சான்று கிடையாது.

அன்று எங்கள் கோச்சிங் சென்டர் இடத்தைக் காலிசெய்யச் சொல்வதைப் பற்றி மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அதில் வந்த வார்த்தை அது. நீ ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புத் தம்பி,
சூரியபிரகாஷ்


எழுமலை
14.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உங்கள் எல்லோருக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும்.

பாடம் நன்றாகப் புரிந்தது. பாடத்துக்கு நன்றி. ஆனால் மாடு வளர்க்கிற ஊர்க்காரனுக்கு இதற்காக அமெரிக்கா வரைக்கும் போக வேண்டிய அவசியம் இல்லை. நம்மிடம் இருந்த மயிலைக்காளை முதலில் சும்மா உரசும். நாம் விலகாவிட்டால் தலையைக் குனியும். உரசுவது புஷ், குனிந்து வருவது ஷவ். சரிதானே?

போன கடிதத்தில் பாதியைத்தான் கேட்டிருந்தேன். நீ எப்படி எழுதுகிறாய் என்று பார்க்கலாம் என்று மீதியை வைத்துக்கொண்டேன். நீ சொன்னது முழுசாக எனக்குக் கேட்டது. ‘இஃப் புஷ் கம்ஸ் டு ஷவ், ஷி வில் சைன்.’ கோச்சிங் சென்டர் எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் தம்பி? அர்த்தமும் எனக்கு அன்றைக்கே தெரியும். நீ பொய் சொல்வாயா என்று பார்க்கத்தான் கேட்டேன். சொல்லிவிட்டாய்.

என்னை நெருக்கிப் பிடித்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று ஒரு அந்நியனிடம், என் வீட்டில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாய். எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொன்னாய். எது அதிகமாகச் சுட்டது என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. இதை நான் மறக்கிறவள் இல்லை. உனக்கே தெரியும்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

முனீஸ்வரி


விளாங்குடி
03.03.2024

அன்புள்ள அக்கா,

இங்கே யாவரும் நலம். மச்சானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வியாபாரம் பேசும்போது ஆயிரம் வார்த்தை வரும். அதையெல்லாம் பொறுக்கி எடுத்து மாலை கட்டிக்கொண்டிருந்தால் யாரும் வாழ முடியாது. அவர் கேட்பது ரெண்டு பேர் பங்கும் சேர்ந்த ஒரே துண்டாக. உன் பங்கு இல்லாவிட்டால் என்னுடையதற்குப் பாதி மதிப்புக்கூட இல்லை. வீட்டு வேலை பாதியில் நிற்கிறது. பூ எடுத்து என்ன கண்டாய்? நீயும் மதுரைப் பக்கம் வந்து நிம்மதியாக இருக்கலாம்.

கோடை வருகிறது. கோடைக்கு முன்னால் ஒரு நல்ல முடிவாகச் சொல். அதற்குமேல் என்னைக் குற்றம் சொல்லாதே.

சூரியபிரகாஷ்


எழுமலை
22.04.2024

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், பாப்பா சுகமா?

பங்குனி திருவிழாவுக்கு நானும் உன் மச்சானும் உசிலம்பட்டி போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் மோட்டார் அறையில் புதுப் பூட்டுத் தொங்குகிறது. நீயும் மேனேஜரும் காரில் வந்துவிட்டுப் போனதைப் பக்கத்துத் தோட்டத்துப் பால்பாண்டி அண்ணன் பார்த்திருக்கிறார். உன் மச்சான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான்தான் தடுத்தேன். பூட்டை உடைத்தால் ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்க நீ காத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

இந்த வெயிலில் மல்லிக்கு ரெண்டு தண்ணீர் தவறினால் போதும். மொட்டு வெம்பி மஞ்சளாக உதிர்ந்தது. பால்பாண்டி அண்ணன் தன் கிணற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் விட்டார். நான் கேட்கவே இல்லை. “பச்சை கண்ணுக்கு முன்னாடி காயிறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியலம்மா” என்றார். மேல் பாதி பிழைத்தது. கீழ்ப் பாதி விறகாகிவிட்டது. அதைப் பிடுங்கிக் குவித்த அன்று நான் அழுதேன். அதை உனக்குச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக, இதுதான் ஷவ். கையெழுத்துக் கிடையாது.

முனீஸ்வரி


விளாங்குடி
08.07.2024

பாசமுள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இறைவன் அருளால் அனைவரும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நெடுநாளாக எழுத முடியவில்லை, வேலை.

கடனை உடனை வாங்கி வீட்டை முடித்துவிட்டேன். ஆவணியில் பால் காய்ச்சுகிறோம். பத்திரிகை இணைத்திருக்கிறேன். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அடுப்புப் பற்றவைத்துப் பால் பொங்கவைக்க வேண்டியவள் கூடப்பிறந்தவள். எனக்கு நீ ஒருத்திதான். என் மாமனார் நல்லகாமன் இப்போதே ரெண்டு தடவை கேட்டுவிட்டார், “ஒங்கக்கா எப்ப வருது மாப்ள?” என்று. நீ வராவிட்டால் அவர் ஆட்கள் முன்னால் என்னால் தலை நிமிர முடியாது.

பழசை விட்டுவிடு அக்கா. முதல் நாளே வந்துவிடு.

தம்பி,
சூரியபிரகாஷ்


எழுமலை
15.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். சுகமறிய ஆசை. பத்திரிகை கிடைத்தது. நல்ல தாள், நல்ல அச்சு.

என் ஏப்ரல் மாதக் கடிதம் வந்து சேரவில்லை போலிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன் இங்கிலீஷ் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நானும் ஒரு ‘இஃப்’ சொல்கிறேன். மோட்டார் அறைச் சாவி என் கைக்கு வந்தால் நான் வருவேன். வந்தபிறகு, நான் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால், அன்று அந்த மேனேஜரிடம் என்னைப் பற்றி இங்கிலீஷில் சொன்னதை, உன் மாமனாரும் சொந்தபந்தமும் கேட்க, நீ தமிழில் சொல்ல வேண்டும். சொன்னால் பால் பொங்கும். சொல்லாவிட்டால் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். நல்ல நேரம் அது பாட்டுக்குப் போகும்.

நான் பேச மாட்டேன். அதனால் அங்கே என்னிடம் கெஞ்சுவதற்கோ பேரம் பேசுவதற்கோ வழியில்லை. இப்போதே யோசித்துக்கொள்.

முனீஸ்வரி


விளாங்குடி
01.08.2024

அக்கா,

நலம். சாவி இதோடு இருக்கிறது. மற்றது விளையாட்டுக்கு எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன். நாலு பேர் கூடுகிற இடத்தில் நீ அப்படிச் செய்ய மாட்டாய். அவசியம் வா.

சூரியபிரகாஷ்


விளாங்குடி
10.09.2024

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. யாரும் நலமில்லை.

நீ செய்துவிட்டாய். நீலப் பட்டுக் கட்டிக்கொண்டு, குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, அடுப்புக்கு முன்னால் போய் நின்றாய். பாலை ஊற்றினாய். தீப்பெட்டியை எடுத்தாய். அப்புறம் அப்படியே நின்றாய். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. சரண்யாவின் அம்மா, “பத்த வையி ஆத்தா, ராகுகாலம் வந்திரப் போகுது” என்றார்கள். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். “அக்கா, ஒன் கால்ல வேணா விழுகுறேன்” என்று காதோடு சொன்னேன். நீ தீப்பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாய். அவ்வளவுதான்.

மாமனார் முன்னால் வந்து, “என்ன மாப்ள, என்ன நடக்குது இங்க?” என்றார். அந்த மேனேஜரும் வாசலில் நின்றார், நான்தான் அழைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் சொன்னேன். “எங்கக்காவ நெருக்கிப் பிடிச்சா நெலத்துல கையெழுத்துப் போட்டுரும்னு சொன்னேன். அதுக்காகத்தான் மோட்டார் ரூமையும் பூட்டுனேன்.” பூட்டைப் பற்றி நீ கேட்கவில்லை. எப்படியோ அதுவும் வாயில் வந்துவிட்டது.

நீ தீக்குச்சியைக் கிழித்தாய். பால் நன்றாகத்தான் பொங்கியது. யாரோ குலவை போட்டார்கள், பாதியில் நிறுத்தினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நீ பாப்பா தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, பந்தியைப் பார்க்காமலேயே மச்சானைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். அந்தப் பாலில் ஒரு மடக்குக்கூட நீ குடிக்கவில்லை.

மாமனார் இலையிலிருந்து எழுந்துவிட்டார். “கூடப் பொறந்தவ கை நனைக்காத வீட்டுல எனக்கு என்னய்யா சோறு?” என்றார். அவர் எழுந்ததும் அவர் பங்காளிகள் எல்லோரும் எழுந்தார்கள். சாம்பாரும் சோறும் அண்டா அண்டாவாக நின்றது. சரண்யா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு உசிலம்பட்டிக்குப் போய்விட்டாள். நீ வந்து சாப்பிட்ட பிறகுதான் வருவாளாம்.

புது வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். உனக்கு என்னதான் வேண்டும் என்று எழுது. செய்கிறேன்.

சூரியபிரகாஷ்


எழுமலை
23.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீ ஹோட்டலில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் நிலம் எனக்கு வேண்டாம். ஒரு சென்ட்கூட வேண்டாம். கிணற்றில் உன் பாதியை மட்டும் எனக்கு எழுதிக்கொடு. இனிமேல் யாரும் என் மோட்டார் அறைக்குப் பூட்டுப் போடக் கூடாது, எனக்கு அந்த ஒரு நிம்மதி போதும். மேற்கே உன் நிலத்தையும் அதற்குப் போகிற வண்டிப்பாதையையும் யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள். நான் குறுக்கே வர மாட்டேன்.

பத்திரம் பதிவானதும் தீபாவளிக்கு வாரேன். சரண்யாவைக் கூட்டிவந்து வை. கறி எடுத்துக் குழம்பு வைக்கச் சொல். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

முனீஸ்வரி


விளாங்குடி
02.12.2024

அக்காவுக்கு,

சரண்யாவும் பாப்பாவும் சுகம். தீபாவளிக்கு நீ வந்து சாப்பிட்டதைப் பாப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், “அத்தை என்கூட மட்டும் பேசுச்சு” என்று. மாமனாரும் வீட்டுக்கு வந்து போகிறார். அதற்கு நன்றி.

நீ கேட்டது சின்ன விஷயம் என்று நினைத்தேன். உசிலம்பட்டி பதிவு ஆபீசில் கையெழுத்துப் போடும்போது, அக்கா இவ்வளவோடு விட்டதே என்று உண்மையில் சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் மேனேஜர் வந்தார். என் பங்கை மட்டுமாவது வாங்கிக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தார். பத்திரத்தைப் பார்த்துவிட்டு, “கெணத்துல பங்கு இல்லையா சார்? தண்ணி இல்லாம பண்ணை மனைன்னு எப்பிடி சார் போர்டு வைக்கிறது?” என்றார். போர்வெல் போடலாம் என்றேன். இயந்திரத்தைக் கொண்டுவந்து ரெண்டு இடத்தில் இறக்கிப் பார்த்தோம். எம்புட்டு ஆழம் போனாலும் தண்ணீர் இல்லை, புழுதிப் புகைதான் வருகிறது. நம் கரட்டு நிலத்தில் ஊற்று இருப்பது அந்த ஒரே இடத்தில்தான் என்று சின்ன வயதிலேயே நமக்குத் தெரியும். எனக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை. மேனேஜர் இப்போது போனையே எடுப்பதில்லை. வேறு யாரிடம் கேட்டாலும் முதல் கேள்வி தண்ணீர்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் எழுது. நீ இது தெரிந்துதான் கேட்டாயா?

சூரியபிரகாஷ்


எழுமலை
09.12.2024

அன்புள்ள தம்பி சூரியபிரகாஷுக்கு,

நாங்கள் நலம். நீயும் சரண்யாவும் பாப்பாவும் நீடூழி வாழ வேண்டும். பனி அதிகமாக இருக்கிறது, பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லா போட்டுவிடு.

தெரிந்துதான் கேட்டேன்.

உன் வீட்டுச் சுவரில் பூச்சு காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் என் மல்லி காய்ந்தது. கீழ்ப் பாதியைப் பிடுங்கிப் போட்ட அன்றே இதை முடிவு செய்துவிட்டேன். பாலும் பந்தியும் உன்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதற்காகத்தான். நெருக்கிப் பிடித்தால் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று இப்போது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்திரத்தில் உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. ராத்திரி தூங்கப் போகும்போது ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஒன்று மட்டும் முன்பு நினைத்த மாதிரி இல்லை. தீபாவளிக்கு நீ பரிமாறினாய். “இன்னுங் கொஞ்சம் வையவா அக்கா?” என்று கேட்டாய். போதும் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. கையை மட்டும் இலைக்கு மேலே நீட்டினேன். நான் பேசினால் என் கிணறு வற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அன்று பாதிக் கிணறுதான் என்னுடையது, ஒருவேளை கோபம் ஆறினால் பாதிதானே என்று பேசியிருப்பேனோ என்னவோ. இப்போது நீ முழுக் கிணற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டாய். அதை வற்றவிட முடியாது.

உன் நிலம் அப்படியே இருக்கட்டும், அவசரமில்லை. கருவேலம் மண்டி, கேட்பவர் யாரும் இல்லாமல், நீ விற்றே ஆக வேண்டும் என்று ஒரு நாள் வந்தால், தண்ணீர் உள்ளவள் ஒருத்தி பக்கத்து வரப்பில்தான் இருக்கிறாள். அவள் சொல்கிற விலைக்குக் கொடு. எழுதித்தான் கேட்க வேண்டும், தமிழில் எழுது.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அக்கா,
முனீஸ்வரி